வீடியோ கேம்களைக் கலாய்க்கும் தளம் தொடங்க என்ன வேண்டும்?

நீங்களும் உங்கள் நண்பரும் சேர்ந்து வீடியோ கேம்களைப் பற்றி நகைச்சுவையாக எழுதும் ஒரு வலைத்தளம் தொடங்கப் போகிறீர்கள். பெயரைப் பதிவு செய்தாகிவிட்டது, லோகோ வரைந்தாகிவிட்டது. எந்தத் தீம் (தளத்தின் தோற்றத்துக்கான வார்ப்பு) நல்லது, எவ்வளவு நாளில் வருமானம் வரும் என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கேள்வியின் கடைசியில் போகிறபோக்கில் ஒரு வரி போட்டிருக்கிறீர்கள்: "நாங்கள் பேசிக்கொள்ளும்போது வயிறு வலிக்கச் சிரிக்கிறோம், அதையே எழுதினால் மொக்கையாக இருக்கிறது." உங்கள் உண்மையான கேள்வி அந்த வரிதான். தீமுக்குக் கடைசியில் வருகிறேன்.

என்னைப் பற்றிக் கொஞ்சம். இப்படியொரு தளத்தை முதலில் நண்பரோடும் அப்புறம் தனியாகவும் ஒன்பது வருடம் நடத்தினேன். பகலில் அலுவலகம், இரவில் கேம், ஞாயிற்றுக்கிழமை முழுக்க எழுத்து. பெயர் சொன்னால் தெரிகிற அளவுக்குப் பெரிய தளமில்லை. ஆனால் ஒரு கட்டுரை ஏன் ஓடியது, இன்னொன்று ஏன் படுத்துவிட்டது என்று யோசிக்க நிறைய நேரம் கிடைத்தது. எழுத்தைப் பற்றியும் தளத்தைக் காப்பாற்றிக்கொள்வது பற்றியும் நான் சொல்வதைத் தைரியமாக நம்பலாம். வருமானம், வீடியோ என்ற இரண்டிலும் என் பேச்சைப் பாதி விலைக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

நண்பர்களுக்குள் வருகிற சிரிப்பில் பாதி கேமைப் பற்றியதே அல்ல. அவன் முகம், அவன் குரல், போன வாரம் இருவரும் கேமில் வரும் ஒரே பெரிய எதிரியிடம் இருபது முறை செத்த கதை, எல்லாம் சேர்ந்துதான் சிரிக்க வைக்கிறது. எழுத்துக்கு வரும்போது அதெல்லாம் கழன்று விழுந்துவிடும். வாசகர் கையில் மிஞ்சுவது வெறும் வாக்கியம். அந்தக் குறையை நிரப்பப் புதிதாக எழுதுகிறவர்கள் சத்தத்தைக் கூட்டுவார்கள். வரிக்கு மூன்று ஆச்சரியக்குறி, நடுநடுவே வசவு, "சத்தியமாக இப்படி ஒரு குப்பையை என் வாழ்நாளில் பார்த்ததில்லை" என்கிற ரகம். முதல் ஆறு மாதம் நானும் அப்படித்தான் எழுதினேன். இன்று எடுத்துப் படித்தால் உடம்பு கூசுகிறது. அங்கே தேவைப்பட்டது விவரம். "இந்த கேமில் துணைப் பணிகள் எல்லாம் அபத்தம்" என்று எழுதினால் ஒருவருக்கும் உதடு அசையாது. இப்படி எழுதிப் பாருங்கள்: "ஊர் பற்றி எரிகிறது. மேலே டிராகன் சுற்றுகிறது. வாசலில் நிற்கும் காவலர் தன் ஏழு கோழிகளைக் காணவில்லை, தேடிக் கொண்டு வா என்கிறார். ஆறு கோழியோடு திரும்பினேன். இன்னொன்று எங்கே என்றார். அவர் முதுகில் தீப்பிடித்திருந்தது." இதில் வேடிக்கையான சொல் என்று ஒன்றுகூடக் கிடையாது. நடந்ததை நடந்தபடி, முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு சொல்லியிருக்கிறது, அவ்வளவுதான்.

இந்த வகைத் தளங்களுக்கு நான் குருவாக நினைப்பது 1997-ல் எரிக் வோல்பா, செட் ஃபாலிசெக் என்ற இருவர் தொடங்கிய ஓல்ட் மேன் மர்ரே. 2000-ல் அவர்கள் கேம்களை அளக்க ஒரு புது அளவுகோல் கொண்டுவந்தார்கள். அந்தக் காலத்துக் கேம்களில் எங்கு திரும்பினாலும் மரப்பெட்டி அடுக்கியிருக்கும். உடைத்தால் தோட்டாவோ மருந்தோ கிடைக்கும். வடிவமைப்பாளருக்கு யோசனை தீர்ந்துபோகிற இடத்தில்தான் பெட்டி வருகிறது, ஆகவே தொடங்கிய நொடியிலிருந்து முதல் பெட்டி கண்ணில் படும்வரை எத்தனை வினாடி என்று எண்ணினால் கேமின் தரம் தெரிந்துவிடும் என்பது அவர்கள் வாதம். பீப்பாயையும் பெட்டிக் கணக்கிலேயே சேர்த்துவிட்டார்கள். சொன்னதோடு நிற்காமல் ஒவ்வொரு கேமாக எடுத்து, நேரம் குறித்துப் பட்டியலும் போட்டார்கள். படிக்கும்போது கடி ஜோக் மாதிரி இருக்கும். படித்து முடித்தபின் எந்தக் கேமிலும் பெட்டியைப் பார்க்காமல் இருக்க முடியாது. இருவரும் பின்னால் கேம் தயாரிக்கும் வால்வ் நிறுவனத்துக்குப் போனார்கள். வோல்பா 2007-ல் வந்த போர்ட்டல் என்ற கேமின் எழுத்தாளர். ஃபாலிசெக் லெஃப்ட் 4 டெட் என்ற கேமில் வேலை செய்தார். எந்தத் தொழிலைக் கிண்டலடித்தார்களோ அதுவே கூப்பிட்டு நாற்காலி போட்டது. (உங்களுக்கும் அப்படி நடக்கும் என்று இதற்கு அர்த்தமில்லை. எனக்கு நடக்கவில்லை.)

நான் அங்கே கற்றுக்கொண்டது, எல்லாவற்றையும் கிண்டலடிக்கப் போகிறோம் என்று கிளம்பக் கூடாது என்பது. கேம் விற்கும் இணையக் கடையான ஸ்டீமில் மட்டும் 2023-ல் 14,000-க்கும் மேற்பட்ட கேம்கள் வெளிவந்தன. அத்தனையையும் துரத்தினால் நாக்குத் தள்ளிப்போகும். ஒரே ஒரு பிடிவாதத்தைத் தேர்ந்தெடுங்கள், அதை வைத்துக்கொண்டு எல்லாக் கேமையும் பாருங்கள். எங்கள் தளம் உருப்பட்டது நாங்கள் கதவுகளை எண்ணத் தொடங்கிய பிறகுதான். ஒரு நகரத்துக் கேமில் ஏதோ ஒரு கதவைத் திறக்க முடியாத கடுப்பில் நண்பர் சொன்னார், "இந்த ஊரில் யாருமே வீட்டுக்குள் போக மாட்டார்களா?" அன்றிரவு ஒரு நோட்டை வைத்துக்கொண்டு முதல் ஒரு மணி நேரத்தில் கண்ணில் பட்ட கதவுகளை எண்ணினோம். 312. திறந்தவை 11. அந்த 11-ல் நான்கு கழிப்பறை. "லட்சம் பேர் வாழும் மாநகரம் என்கிறார்கள், போவதற்கு இருக்கும் ஒரே இடம் கழிப்பறை" என்று முடித்தோம். அதுவரை எங்கள் கட்டுரை எதற்கும் பத்துக் கடிதம் வந்ததில்லை. அந்த வாரம் முன்பின் தெரியாதவர்கள் தாங்கள் ஆடும் கேமின் கதவுக் கணக்கை எண்ணி அனுப்பத் தொடங்கினார்கள். ஒருவர் ஜன்னல்களையும் எண்ணியிருந்தார்.

இன்னொரு கடிதமும் வந்தது. ஒரு ஸ்டூடியோவில் காட்சிகளைக் கட்டும் வேலையில் இருப்பவர் எழுதியிருந்தார். ஒரு கதவு திறந்தால் உள்ளே ஓர் அறை வேண்டும், அறைக்கு வெளிச்சம் வேண்டும், உடன் வருகிற கூட்டாளி அந்தக் கதவில் சிக்கிக்கொள்ளாமல் நுழைய வேண்டும், எதிரி உள்ளிருந்து பாதியில் மூடினால் என்ன ஆகும் என்று யாராவது சோதிக்க வேண்டும். அதற்குத்தான் பூட்டிவிடுகிறோம் என்றார். 2014-ல் லிஸ் இங்லண்ட் என்ற வடிவமைப்பாளர் இதையே "கதவுப் பிரச்சினை" என்று எழுதி, ஒரே ஒரு கதவுக்காக ஸ்டூடியோவில் யார் யார் என்னென்ன தலைவலி படுகிறார்கள் என்று ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டு போயிருப்பதைப் பிறகு பார்த்தேன். கேம் எப்படிச் செய்யப்படுகிறது என்று தெரிந்தால் நகைச்சுவை நீர்த்துப்போகும் என்று பயப்படாதீர்கள். எனக்கு அதற்குப் பிறகுதான் நல்ல கட்டுரைகள் வந்தன. பூட்டிய கதவைப் பார்த்துச் சிரிப்பவர் நிறையப் பேர். அந்தப் பூட்டுக்குப் பின்னால் மூன்று துறைகள் போட்ட சண்டை தெரிந்தவர் எழுதினால் அதன் ருசியே வேறு.

சில கேம்கள் நாம் எதுவுமே செய்ய வேண்டாத அளவுக்குத் தாமே வேடிக்கையாக இருக்கும். 2003-ல் பிக் ரிக்ஸ் என்று ஒரு லாரிப் பந்தயக் கேம் வந்தது. முதலில் வெளிவந்த வடிவத்தில் எதிராளி லாரி தொடக்கக் கோட்டை விட்டு நகரவே நகராது. நம் லாரி பாலத்தின் மேல் ஏறினால் பாலத்தை ஊடுருவிக் கீழே போகும், கட்டடங்களுக்குள் புகுந்து வெளியே வரும், செங்குத்து மலையில் வேகம் குறையாமல் ஏறும். பின்னோக்கி ஓட்டினால் வேகத்துக்கு எல்லையே கிடையாது. விசையை விட்டதும் அப்படியே நின்றுவிடும். ஜெயித்தால் ஒரு கோப்பை வரும், அதில் எழுதியிருக்கும் ஆங்கிலமும் பிழை: "யுவார் வின்னர்!" பின்பு வந்த திருத்தத்தில் எதிராளி நகர ஆரம்பித்தார், ஆனால் முடிவுக்கோட்டுக்கு முன்னால் வந்து நின்றுவிடுவார். நான் இதில் ஒரு வார்த்தை மசாலா சேர்க்கவில்லை. இப்படிப்பட்ட கேம் கிடைத்தால் நம் சாமர்த்தியத்தைக் காட்டப் போய்க் கெடுத்துவிடுவதுதான் வழக்கமான தவறு. எந்த வரிசையில் சொல்வது என்பது மட்டும்தான் நம் வேலை. எதிராளி நகராததை முதலில் சொல்வதா, கோப்பையை முதலில் காட்டுவதா? அதை மூன்று விதமாக எழுதிப் பாருங்கள்.

ஊரெல்லாம் அடித்துத் துவைத்த மீம்களைத் தொடவே வேண்டாம். 2011-ல் ஸ்கைரிம் என்ற கேமில் வரும் காவலர் ஒருவர் முழங்காலில் அம்பு பட்ட கதையைச் சொன்னார்; சில மாதங்களில் இணையத்தில் எல்லாருடைய முழங்காலிலும் அம்பு. போர்ட்டலில் கேக் தருவதாகச் சொல்லி ஏமாற்றும் நகைச்சுவை அதைவிட மோசமாகத் துவைக்கப்பட்டது. 2011-ல் போர்ட்டல் 2 வந்தபோது அதை உண்டாக்கியவர்களே கேக்கை கிட்டத்தட்ட ஒதுக்கிவிட்டார்கள். அவர்களே விட்டதை நாம் எடுத்து அரைக்க வேண்டாம்.

பொய்ச் செய்தி வடிவில் எழுத ஆசை வரும். அது எழுத எளிது, பரவவும் பரவும், அதனாலேயே கவனம் வேண்டும். எலெக்ட்ரானிக் கேமிங் மன்த்லி என்ற அமெரிக்கப் பத்திரிகை 1992 ஏப்ரல் இதழில் ஒரு விளையாட்டு விளையாடியது. ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 என்ற சண்டைக் கேமில் ரியூ என்ற வீரர் ஜெயித்ததும் ஷெங் லாங்கைத் தோற்கடிக்க வேண்டும் என்று ஒரு வசனம் வரும். ஷோர்யுகென் என்ற குத்தின் பெயரை ஆள் பெயர்போல மொழிபெயர்த்ததால் வந்த குழப்பம் அது. பத்திரிகை, ஷெங் லாங் என்று ஒரு ரகசிய எதிரி உண்மையிலேயே இருக்கிறார் என்று படத்தோடு போட்டது. அவரை வரவழைக்க ஒரு அடிகூட வாங்காமல் கடைசி எதிரி வரை போய், அங்கே பத்துச் சுற்று இருவரும் ஒருவரையொருவர் தொடாமல் டிரா செய்ய வேண்டுமாம். தகவல் அனுப்பியவரின் ஊர்ப்பெயரை வாய்விட்டுப் படித்தால் "மறுபடியும் ஏமாந்தாயா, ஹா" என்று ஒலிக்கும்படி வைத்திருந்தார்கள். வாய்விட்டுப் படித்தவர்கள் குறைவு. மற்றப் பத்திரிகைகள் சரிபார்க்காமல் எடுத்துப் போட்டன, எத்தனையோ சிறுவர்கள் கைவிரல் நோக முயன்றார்கள்.

எங்களுக்கும் சிறிய அளவில் இது நடந்தது. கேமைச் சேவ் செய்ய இனி மாதச் சந்தா என்று ஒரு நிறுவனம் அறிவித்ததாகப் பகடி எழுதினோம். யாரோ தலைப்பை மட்டும் படம் பிடித்துப் பரப்பினார்கள். எங்கள் தளத்தின் பெயர் அதில் இல்லை. மூன்றாம் நாள் அதை நம்பிக் கோபப்பட்ட ஒருவர் எனக்கே அனுப்பி, "பார்த்தீர்களா அநியாயத்தை?" என்றார். அன்றிலிருந்து அபத்தத்தைத் தலைப்பிலேயே வைத்தோம், உள்ளே ஒளித்து வைக்கவில்லை. தலைப்பு தனியாகத்தான் ஊர் சுற்றும். இன்னொன்று, வேடிக்கையான தகவல் எதுவானாலும் முதலில் சந்தேகப்படுங்கள். 1991-ல் வந்த முதல் சிவிலைசேஷன் கேமில் காந்தி அணுகுண்டு வீசுவதற்குக் காரணம் அவருடைய ஆக்ரோஷத்தைக் குறிக்கும் ஓர் எண் பூஜ்யத்துக்குக் கீழே போய் 255 ஆகச் சுற்றிக்கொண்டது என்ற கதையை நானே இரண்டு முறை எழுதியிருக்கிறேன். அந்தக் கேமை உருவாக்கிய சிட் மையர் 2020-ல் தன் சுயசரிதையில் அப்படி ஒரு பிழையே இல்லை என்று சொல்லிவிட்டார். பழைய கட்டுரை இரண்டிலும் திருத்தம் போட்டேன். நகைச்சுவைத் தளம்தானே என்று விட்டிருந்தால் வாசகர் அடுத்த கதவுக் கணக்கையும் நம்பியிருக்க மாட்டார்.

யாரைக் கலாய்ப்பது என்பதில் ஒரு தவறு செய்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். தனியாள் ஒருவர் செய்த சின்னக் கேம். அதில் குதிரையின் கால்கள் தரையைத் தொடாமல் மிதக்கும். அதை வைத்து இரண்டு பக்கம் எழுதினேன், நன்றாகவும் வந்திருந்தது. அவர் கடிதம் எழுதினார், கோபமே இல்லை. "குதிரையை அடுத்த வாரம் சரி செய்துவிடுவேன், வேலை முடிந்து இரவில்தான் உட்கார முடிகிறது" என்று இரண்டே வரி. அதற்கப்புறம், பின்னால் பெரிய குழுவும் பெரிய பணமும் இருக்கும் கேம்களின் முடிவுகளைத்தான் வைத்து வாங்குவோம். தனியாள் கேம் என்றால் எங்களுக்குப் பிடித்திருந்தால் மட்டும் எழுதுவோம். இது என் மனசாட்சிக்கு நான் வைத்துக்கொண்ட ஏற்பாடு. நீங்கள் வேறு மாதிரி கோடு போடலாம், ஆனால் எங்காவது போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

தளத்தைத் திறப்பதற்கு முன் பன்னிரண்டு கட்டுரைகளை முடித்து வைத்துக்கொள்ளுங்கள். முதல் மூன்று தானாக வரும், ஏனென்றால் வருடக்கணக்காக மனதில் கிடந்தவை. ஐந்தாவதில் வண்டி திணறும். எட்டாவது எழுதும்போதுதான் உங்களிடம் ஒரு பார்வை இருக்கிறதா, வெறும் மூன்று ஜோக் இருந்ததா என்று தெரியவரும். அதைத் தனியாகத் தெரிந்துகொள்வது நல்லது. ஒவ்வொன்றையும் அந்தக் கேமை ஆடாத ஒருவரிடம் படித்துக் காட்டுங்கள். அவர் சிரிக்காத இடத்தில் நீங்கள் விளக்கம் சொல்லத் தொடங்கினால் அந்தப் பத்தியை எடுத்துவிடுங்கள். கிழமை தவறாமல் போடுவதும் முக்கியம். 1998-ல் தொடங்கிய பென்னி ஆர்கேட் என்ற கேம் சித்திரத்தொடர் திங்கள், புதன், வெள்ளி என்று வாரத்தில் மூன்று நாள் வந்து வாசகர்களைப் பழக்கியது. மூன்று முடியாவிட்டால் ஒன்று போதும். அது எந்தக் கிழமை என்று வாசகருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இப்போது யாரும் கேட்காத, ஆனால் எல்லாரும் மாட்டிக்கொள்கிற விஷயம். தளத்தின் பெயர் யார் பெயரில் பதிவாகியிருக்கிறது? எங்களுடையது நண்பரின் பெயரில் இருந்தது. அவர் வேலை மாறி, மின்னஞ்சல் முகவரியையும் மாற்றினார். புதுப்பிக்கச் சொல்லி வந்த நினைவூட்டல் எல்லாம் யாரும் திறக்காத பெட்டிக்குப் போயின. ஒரு நாள் காலை எங்கள் முகவரியில் வேறு யாருடைய விளம்பரமோ இருந்தது. கெடு முடியவில்லை என்பதால் பணம் கட்டி மீட்டோம், ஆனால் அந்த ஒரு வாரத்தில் வந்த சண்டையில்தான் நான் தனியாளானேன். இருவரில் ஒருவர் விலகினால் பெயர் யாருக்கு, கட்டுரைகள் யாருக்கு என்று நட்பு நன்றாக இருக்கும்போதே ஒரு தாளில் எழுதிவிடுங்கள். பெரியவர்களுக்கும் இதுதான் கதி. 2007-லிருந்து ஜீரோ பங்க்சுவேஷன் என்ற தொடரில் கேம்களை வேகவேகமாகக் கிழித்த பென் க்ரோஷா, 2023 நவம்பரில் தி எஸ்கேப்பிஸ்ட் தளத்தை விட்டு விலகியபோது அந்தப் பெயர் அங்கேயே தங்கிவிட்டது. அதே பாணியை வேறு பெயரில் தொடர்ந்தார்.

எதில் எழுதி வைக்கிறீர்கள் என்பதும் இதோடு சேர்ந்ததுதான். இலவசமாக வலைப்பக்கம் வைக்க இடம் தந்த ஜியோசிட்டீஸ் 2009-ல் மூடப்பட்டபோது எத்தனையோ ரசிகர் பக்கங்கள் போயின. 2020 இறுதியோடு, உலாவியில் அசையும் படங்களையும் கேம்களையும் ஓட்டிய ஃப்ளாஷ் மென்பொருள் நின்றதும் அதில் செய்த கேம் நையாண்டிகள் உலாவியில் திறக்காமல் போயின. ரஃபிள் போன்ற மாற்று மென்பொருள்களால்தான் சில பிழைத்திருக்கின்றன. சாதாரண எழுத்தும் படமும் உள்ள பக்கம்தான் காலத்துக்கும் திறக்கிறது. மாதம் ஒருமுறை முழுத் தளத்தையும் உங்கள் கணினியில் நகல் எடுத்து வையுங்கள்.

காப்புரிமை பற்றிச் சுருக்கமாக. விமர்சனத்துக்குத் தேவையான அளவு கேமின் ஸ்கிரீன்ஷாட்டுகளைப் போட்டு அவற்றைப் பற்றிப் பேசுவது எல்லாரும் செய்வது. முழுக் கதைக்காட்சியையோ பாடலையோ ஏற்றுவது வேறு. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1994-ல் பகடி நியாயப் பயன்பாடாக இருக்க முடியும் என்றது, பிரிட்டன் 2014-ல் பகடிக்குச் சட்டத்தில் இடம் கொடுத்தது. நாட்டுக்கு நாடு மாறும், நான் வழக்கறிஞரும் இல்லை. நிறுவனத்தின் லோகோவை உங்கள் லோகோவில் நுழைக்காதீர்கள் என்பது மட்டும் எங்கும் பொருந்தும். இலவசமாகக் கேம் கொடுத்தால் கட்டுரையின் முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள். சில நாடுகளில் அது சட்டமே.

பணம். ஒன்பது வருடத்தில் விளம்பரத்திலிருந்து எனக்கு வந்தது தளத்தை நடத்தும் செலவுக்குச் சரியாக இருந்தது, அவ்வளவுதான். என் வாசகர்கள் பாதிப் பேர் விளம்பரத் தடுப்பான் வைத்திருந்தார்கள், கேட்டால் பெருமையாகச் சொன்னார்கள். வாசகர் மாதாமாதம் கொடுக்கும் ஆதரவு விளம்பரத்தைவிட நிலையாக இருந்தது, ஆனால் அது தொடங்கியதே ஐந்தாம் வருடம். வீடியோவில் ஆட்கள் அதிகம் பார்க்கிறார்கள் என்பது நிச்சயம். உங்களுக்கு அது சரிவருமா என்பது இருவரில் ஒருவருக்காவது குரல் இருக்கிறதா என்பதைப் பொறுத்தது. நான் நான்கு வீடியோ செய்தேன். நான்கிலும் நான் யாரையோ பெண் பார்க்கப் போனவன் மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

சரி, தீம். இலவசமாகக் கிடைப்பதில் எது செல்பேசியில் சட்டென்று திறக்கிறதோ அது. எழுத்து பெரிதாக இருக்கட்டும், பின்னணியில் எதுவும் அசைய வேண்டாம், பக்கம் திறந்ததும் எந்தப் பெட்டியும் குதித்து வந்து மின்னஞ்சல் கேட்கக் கூடாது. தேடும் கட்டம் ஒன்று, பழைய கட்டுரைகள் எல்லாம் தேதிவாரியாக ஒரே பக்கத்தில், புதுக் கட்டுரை வந்ததும் வாசகருக்குத் தெரிவிக்கும் ஆர்எஸ்எஸ் ஓடை. லோகோ அப்படியே இருக்கட்டும், வரைந்துவிட்டீர்கள் அல்லவா. பன்னிரண்டில் எட்டாவது கட்டுரை முடிந்ததும் அதை எனக்கு அனுப்புங்கள், படிக்கிறேன்.